ஆராய்ச்சி நிலையத்து இன்குபேஷன் சென்டர் எப்படி? முருங்கை இலை பவுடர் போடுறவனோட ரிவ்யூ

முருங்கை இலை பவுடர், சத்து மாவு, சிறுதானிய மிக்ஸ்னு ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல கேக்கற கேள்வி, "ஆராய்ச்சி நிலையத்துல இன்குபேஷன் சென்டர் இருக்காமே, போலாமா, இல்ல காசு வேஸ்டா?" வாட்ஸப்புல இதுக்கு பதில் டைப் பண்ணி டைப் பண்ணி சலிச்சு போச்சு, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் போன சென்டர் பேரை போட மாட்டேன், ஏன்னா குறையும் சொல்லப்போறேன், அங்க இருக்கற சில பேரு இன்னிக்கும் போன் போட்டா எடுத்து பேசறவங்க, அவங்களுக்கு எதுக்கு தலைவலி. மாநில அரசா மத்திய அரசான்னும் கேக்காதீங்க, நானும் பக்கத்து ஊர் ஃப்ரெண்ட்ஸும் வேற வேற இடத்துக்கு போயிருக்கோம், செட்டப் ஏறக்குறைய ஒண்ணு தான்.

தெரியாதவங்களுக்கு: ஆராய்ச்சி நிலையத்துல விஞ்ஞானிகள் ஒரு செய்முறைய கண்டுபிடிச்சு வச்சிருப்பாங்க, சின்ன சைஸ் மெஷின் எல்லாம் ஒரு ஹால்ல போட்டிருப்பாங்க, நீங்க வாடகை கட்டி அந்த மெஷின்ல உங்க சரக்க ஓட்டி பாக்கலாம், செய்முறை புடிச்சிருந்தா லைசென்ஸ் ஃபீஸ் கட்டி எம்ஓயூ, அதாவது ஒப்பந்தம், போட்டு வாங்கிக்கலாம், அங்கேயே லேப்ல டெஸ்டும் பண்ணிக்கலாம். ட்ரெய்னிங்கும் உண்டு. கேக்கறதுக்கு அருமையான ஏற்பாடு, நெஜமாவே பாதி அருமை தான். மீதி பாதிய பத்தி தான் இந்த நீளமான புலம்பல்.

முதல்ல நம்ம பக்கத்து கதைய சொல்லணும். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், அரவக்குறிச்சி பக்கம் எல்லாம் இன்னிக்கு ரோட்டு ரெண்டு பக்கமும் முருங்கையா நிக்குதுன்னா அதுக்கு ஒரு பெரிய காரணம் பிகேஎம்-1. பெரியகுளம் தோட்டக்கலை கல்லூரியில உருவாக்கி 1989ல வெளியிட்ட ரகம். விதை போட்டு வளக்கற செடிமுருங்கை, போத்து நட்டு வருஷக்கணக்கா காத்திருக்க வேண்டியதில்ல, ஆறேழு மாசத்துல காய். இன்னிக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் அந்த விதை போயிருக்கு. யோசிச்சு பாருங்க, அந்த ரகத்த நம்ம ஊருக்கு கொண்டாந்தது யாரு? எந்த எம்ஓயூவும் இல்ல, எந்த லைசென்ஸும் இல்ல, ஒருத்தர் தோட்டத்துல காய்ச்சத பாத்துட்டு பக்கத்து தோட்டத்துக்காரர் ரெண்டு படி விதை வாங்கிட்டு போனாரு, அவ்ளோ தான். விதைக்குள்ளயே எல்லா வித்தையும் இருக்கு, மண்ணுல போட்டா அது பாட்டுக்கு வேலைய பாக்கும்.

பவுடர் அப்படி இல்லைங்க. இலைய பறிச்சு கழுவி காய வச்சு அரைச்சா பவுடர், இதுல என்ன பெரிய டெக்னாலஜின்னு தான் எல்லாரும் கேப்பாங்க, எங்க மாமாவே கேட்டாரு. ஆனா மார்க்கெட்டுல போயி பாருங்க, ஒரு பாக்கெட் பச்சை பசேல்னு இருக்கும், இன்னொண்ணு வைக்கோல் கலர்ல இருக்கும், ரெண்டும் ஒரே ஊரு இலை. வெளிநாட்டுக்கு வாங்கற ஆளு மொதல்ல பாக்கறது கலர், அடுத்து கிருமி எண்ணிக்கை, அதுக்கப்புறம் பூச்சிமருந்து எச்சம், அப்புறம் தான் வெலை. கலரும் கிருமியும் முழுக்க முழுக்க காய வைக்கற கைப்பக்குவம். அந்த பக்குவத்த விஞ்ஞானிகிட்ட இருந்து நம்ம ஷெட்டுக்கு எப்படி கொண்டாறதுங்கறது தான் பிரச்சனையே.

சரி ரிவ்யூவுக்கு வரேன்.

மெஷின் வாடகைக்கு எடுக்கற சர்வீஸ்: அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். தயங்காம போங்க. ட்ரே ட்ரையர், பல்வரைசர்னு சொல்ற அரைக்கற மெஷின், சல்லடை, பவுச் சீலிங் மெஷின்னு எல்லாம் ஒரே கூரைக்குள்ள, சொந்தமா வாங்கி தப்பா போச்சுன்னா லட்சக்கணக்குல மாட்டிக்குவோம், இங்க நாள் வாடகைல முடிஞ்சிடும். ரேட் போர்டு வெளிலயே ஒட்டி வச்சிருக்காங்க, ரசீது போட்டு குடுக்கறாங்க, யாரும் டீ செலவுக்குன்னு கை நீட்டல, இத நான் எதிர்பாக்கவே இல்ல.

அங்க ஒரு டெக்னீசியன் அண்ணன் இருக்காரு, ரிட்டையர்மெண்ட்டுக்கு கிட்ட இருக்கற வயசு, அவருக்கு தான் அந்த நாலரை. நான் இலைய கொண்டு போயி ட்ரே முழுக்க ரொப்ப ஆரம்பிச்சதும் கைய புடிச்சாரு. "தம்பி, இப்படி அமுக்குனா கீரை வேகும், காயாது"ன்னாரு. பாதி லோடு தான் போட சொன்னாரு, இலை ஒண்ணு மேல ஒண்ணு லேசா படற மாதிரி மட்டும். ட்ரையர் பின்னாடி ஒரு சின்ன கதவு மாதிரி டேம்பர் இருக்கும், முதல் ஒரு மணி நேரம் அத முழுசா தொறந்து விட சொன்னாரு, ஏன்னா முருங்கை இலையில முக்கால் பங்குக்கு மேல தண்ணி, அது ஆவியா உள்ளயே சுத்திட்டு இருந்தா ஆவியிலயே இலை வெந்து கறுத்துடும், அப்புறம் நீங்க எவ்ளோ நேரம் காய வச்சாலும் அவிச்ச கீரை வாசனை போகாது. ஈரம் கொறைஞ்சதும் டேம்பர பாதி மூடிட்டு 50 டிகிரில விட்டுடணும், அவசரப்பட்டு 70க்கு ஏத்தினா கலர் காலி. நடு ட்ரே எப்பவுமே கடைசியா தான் காயும், அதனால மேல இருக்கறத நடுவுக்கும் நடுவுல இருக்கறத மேலயும் மாத்திக்கிட்டே இருக்கணும். காஞ்சுதான்னு பாக்க அவரு மீட்டர் எல்லாம் எடுக்கல, ஒரு கை இலைய எடுத்து காதுக்கு பக்கத்துல வச்சு நசுக்கினாரு, நடு நரம்பு டக்குனு ஒடியணும், வளைஞ்சா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். அப்புறமா மீட்டர்ல வச்சு பாத்தா 7 சதவீதத்துக்கு கிட்ட நிக்குது. மனுசன் காதுலயே மாய்ஸ்சர் மீட்டர் வச்சிருக்காரு.

இதெல்லாம் நான் எதுக்கு இவ்ளோ விவரமா எழுதறேன்னா, அடுத்து சொல்லப்போறதுக்கு இது தேவை.

லைசென்ஸ் சர்வீஸ்: அஞ்சுக்கு ரெண்டு. ட்ரையல் நல்லா வந்துச்சுன்னு சந்தோஷத்துல ஃபீஸ் கட்டினேன், அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி, ஸ்டாம்ப் பேப்பர்ல எம்ஓயூ, ஃபோட்டோ புடிச்சாங்க, இயக்குநர் சார் கையால ஃபைல் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து ஃபைல தொறந்து பாத்தா செய்முறை சில பக்கம் தான், அதுல பாதி முருங்கையோட மருத்துவ குணம். செய்முறை பகுதி ஒரு கிலோ இலைக்கு எழுதியிருக்கு. ஒரு கிலோ! நான் ஷெட்டுல ஒரு ஈடுக்கு போடறது நூறு கிலோவுக்கு மேல. டேம்பர் பத்தி ஒரு வரி இல்ல. ட்ரே மாத்தறத பத்தி இல்ல. காதுல வச்சு நசுக்கறத பத்தி எழுத மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், ஆனா ட்ரேல ஒரு சதுர அடிக்கு எவ்ளோ இலைன்னாவது போட்டிருக்கலாம்ல.

இதவிட பெரிய விஷயம் ஒரு வரி. "உலர்ந்த இலையை அறை வெப்பநிலைக்கு ஆற வைத்து அரைக்கவும்." படிக்க எவ்ளோ அப்பாவியா இருக்கு பாருங்க. கோடையில அப்படித்தான் ஆற வச்சோம், அரைச்சோம், பிரமாதமா வந்துச்சு. ஐப்பசி மழை புடிச்சதும் அதே மெஷின், அதே 50 டிகிரி, அதே ஆளுங்க, ஆனா பவுடர் ரெண்டு வாரத்துல கட்டி புடிக்குது, டெஸ்டுக்கு அனுப்பினா ஈஸ்ட், மோல்டு (பூஞ்சை) எண்ணிக்கை எகிறி நிக்குது. வாங்கற பார்ட்டி சரக்க திருப்பி அனுப்பிட்டாரு. சென்டருக்கு போன் போட்டா செய்முறைய உருவாக்கின மேடம் வேற நிலையத்துக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆயிட்டாங்க, அந்த ப்ராஜெக்டும் முடிஞ்சு போச்சாம், புதுசா வந்தவரு ரொம்ப நல்ல மனுசன் ஆனா அவரோட சப்ஜெக்ட் பால் பொருள். மெயில் போடுங்கன்னாரு, போட்டேன், "எம்ஓயூவில் கூறியபடி செய்முறையை பின்பற்றவும்"னு பதில் வந்துச்சு. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

கடைசில அந்த டெக்னீசியன் அண்ணன தான் ஒரு ஞாயித்துக்கெழமை கெஞ்சி கூத்தாடி ஷெட்டுக்கு கூட்டிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல இருந்து பைக்ல வந்து எறங்கினவரு மெஷின் பக்கமே போகல, நேரா ஆற வைக்கற மேஜை பக்கம் போனாரு. மேல சீலிங் ஃபேன் ஓடுது, ஜன்னல் தொறந்திருக்கு, வெளில மழை. "தம்பி, எங்க சென்டர்ல எங்க ஆற வச்சோம், ஞாபகம் இருக்கா?"ன்னாரு. ஏசி ரூம்ல! அவங்க ஊரு அறை வெப்பநிலைங்கறது ஏசி போட்டு கதவ சாத்தின ரூம், காத்துல ஈரமே கெடையாது. நம்ம ஷெட்டுல மழைக்காலத்துல காத்து பூரா ஈரம், 7 சதவீதத்துக்கு காஞ்ச இலை ஃபேன் காத்துல ஒரு மணி நேரம் கெடந்தா அந்த ஈரத்த அப்படியே குடிச்சு உப்பிக்கும். பேப்பர்ல எழுதினவங்களுக்கு இது தோணவே தோணாது, ஏன்னா அவங்க ரூம் வருஷம் பூரா ஒரே மாதிரி. ஒரு சின்ன ரூம தடுத்து, ஜன்னல அடைச்சு, காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற டீஹியுமிடிஃபையர் ஒண்ணு போட்டு, சூடு கொறைஞ்ச உடனே மூடி போட்ட ட்ரம்முல கட்டிடணும்னாரு. அரைக்கறதையும் விட்டு விட்டு அரைக்க சொன்னாரு, பல்வரைசர் தொடர்ந்து ஓடினா உள்ள சூடாகி பச்சை வெளுத்துடும். வெள்ளை பவுச்ச தூக்கி போட்டுட்டு அலுமினியம் ஃபாயில் உள்ள வச்ச பவுச்சுக்கு மாற சொன்னாரு, வெளிச்சம் பட்டாலே கலர் போயிடுமாம். மத்தியானம் சாப்பாடு போட்டு, பஸ் செலவு குடுத்து அனுப்பினோம், அதுக்கே வேணாம் வேணாம்னாரு.

நான் கட்டின லைசென்ஸ் ஃபீஸுக்கு உண்மையான சரக்கு அந்த ஞாயித்துக்கெழமை தான் கைக்கு வந்துச்சு. ஆனா அது எம்ஓயூல இல்ல. அவரு வந்தது அவரோட சொந்த லீவ் நாள்ல. ஆபீஸ் வேலையா அவர வெளியூர் அனுப்ப அந்த சென்டர்ல ஒரு விதியும் இல்ல, ஒரு பயணப்படியும் இல்ல. என்னைப் பொறுத்த வரை மொத்த சிஸ்டத்தோட ஓட்டை இந்த ஒரு இடம் தான்.

ஓட்டைன்னு நான் சொல்றது ஆளுங்கள இல்ல. பேப்பர் பக்கம் எவ்ளோ கட்டி வச்சிருக்காங்க பாருங்க, அரசு லேப்ல கண்டுபிடிச்சத கம்பெனிக்கு கை மாத்தறதுக்குன்னே என்ஆர்டிசி 1953ல ஆரம்பிச்சாங்க, விவசாய ஆராய்ச்சிக்கு தனியா அக்ரினோவேட் இந்தியான்னு 2011ல ஒரு கம்பெனி, ஒவ்வொரு நிலையத்துலயும் அதுக்குன்னு ஒரு செல், ஒரு அதிகாரி. லைசென்ஸ் எழுத ஆள் இருக்கு, பேட்டண்ட் போட ஆள் இருக்கு, ஃபோட்டோ புடிக்க ஆள் இருக்கு. லைசென்ஸ் வாங்கினவன் ஷெட்டுல வந்து ஃபேன ஆஃப் பண்ண சொல்ல ஆள் இல்ல. விஞ்ஞானிக்கு ப்ரமோஷன் வர்றதுக்கு எத்தனை ஆய்வுக்கட்டுரைன்னு பாக்கற அளவுக்கு, அவரு செய்முறைய வாங்கினவன் எத்தனை பேரு இன்னும் தொழில்ல நிக்கறான்னு பாக்கறதில்ல. எத்தனை எம்ஓயூ போட்டோம்னு மட்டும் எண்ணினா எம்ஓயூ தான் பெருகும், வேறென்ன.

விவசாயிக்கு இந்த விஷயத்துல நம்மள விட நல்ல ஏற்பாடு இருக்கு. கேவிகே, அதாவது வேளாண் அறிவியல் நிலையம், நாட்டுலயே முதல் முதலா 1974ல நம்ம பாண்டிச்சேரில தான் ஆரம்பிச்சது, இன்னிக்கு ஏறக்குறைய எல்லா மாவட்டத்துலயும் ஒண்ணாவது இருக்கு. அவங்க தோட்டத்துலயே செயல்விளக்கம் போடறாங்க, பூச்சி வந்தா வந்து பாக்கறாங்க, குறைஞ்சபட்சம் இலைய ஃபோட்டோ எடுத்து அனுப்பினா பதில் சொல்றாங்க. கேவிகேலயே வீட்டு அளவுல மதிப்பு கூட்டறதுக்கு ட்ரெய்னிங் உண்டு, நல்லாவும் இருக்கும், ஆனா ஊறுகா ஜாம் அளவுல நின்னுடும். பத்து பேர வச்சு ஷெட் நடத்தறவன் விவசாயியும் இல்ல, பெரிய கம்பெனியும் இல்ல, அவனுக்கு வீட்டுக்கு வந்து பாக்கற டாக்டர் கெடையாது, அவன் தான் பேஷண்ட்ட தூக்கிக்கிட்டு ஓடணும்.

இது முடியாத காரியம் ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்லயே முன்மாதிரி இருக்கு. கோயமுத்தூர் சிட்ரா எடுத்துக்கோங்க, தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கம், 1956ல ஆரம்பிச்சது. மில்காரங்களே மெம்பரா சேந்து நடத்தற நிலையம், அதனால அங்க என்ன ஆராய்ச்சி நடக்கணும்னு மில்லுக்கு ஒரு பேச்சு உண்டு. மில்லுக்கு மில்லு உற்பத்தி, கழிவு, கரண்ட் செலவு எல்லாத்தையும் ஒப்பிட்டு பாக்கற ஆய்வு ரொம்ப காலமா நடத்தறாங்க, உங்க மில்லு எங்க நிக்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். 2020ல கொரோனா வந்தப்போ கவச உடைக்கு துணி சரியா இருக்கான்னு செயற்கை ரத்தம் வச்சு டெஸ்ட் பண்ற வசதி அங்க இருந்துச்சு, சட்டை தைச்சிட்டு இருந்த கம்பெனிங்க எல்லாம் சாம்பிள தூக்கிட்டு அங்க ஓடி, டெஸ்ட்ல பாஸ் ஆனதும் கவச உடை தைக்க எறங்கிட்டாங்க. லேப்பும் தொழிலும் ஒரே ஊர்ல, பல வருஷமா முகம் பாத்து பழகினதால தான் அது அந்த வேகத்துல நடந்துச்சு, புதுசா எம்ஓயூ போட்டிருந்தா கொரோனாவே முடிஞ்சிருக்கும்.

அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையம் சிஎல்ஆர்ஐ 1948ல இருந்து இருக்கு, நாயுடம்மா இயக்குநரா இருந்த காலத்துல தோல் பதனிடற ஆளுங்களும் விஞ்ஞானிங்களும் பக்கத்துல உக்காந்து பேசற பழக்கத்த உண்டாக்கினாருன்னு தோல் தொழில்ல பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்லுவாங்க. தோல் கழிவால பாலாறு மாசான வழக்குல 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தப்புறம் கழிவுநீர சுத்தம் பண்ணலன்னா தொழிலே இல்லங்கற நெலமை, அப்போ லேப் பக்கம் திரும்பாத ஆளே இல்ல. கழுத்துக்கு கத்தி வந்தா தான் நாம போவோம், அது நம்ம பக்கத்து குறை, அதையும் ஒத்துக்கணும்.

உணவு துறையிலயே பாத்தா தஞ்சாவூர் நிலையம், இப்போ நிஃப்டெம் தஞ்சாவூர்ங்கறாங்க, அது ஆரம்பத்துல டெல்டாவுல ஈர நெல்லு கெட்டு போற பிரச்சனைக்காக நவீன அரிசி ஆலையோட ஒட்டி பொறந்த ஆய்வகம். பிரச்சனை இருக்கற எடத்துலயே லேப் போட்டாங்க. அதே மாதிரி மைசூர் உணவு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் சிஎஃப்டிஆர்ஐ, 1950ல ஆரம்பிச்சது, எருமைப்பால்ல குழந்தை உணவு பண்ண முடியாதுன்னு வெளிநாட்டுக்காரங்க சொல்லிட்டு இருந்தப்போ அத பண்ணி காட்டி அமுலுக்கு குடுத்தாங்க. அங்க வாங்கற பக்கத்துல நின்னது ஒரு பெரிய கூட்டுறவு, அவங்களுக்குன்னு இன்ஜினியர் இருந்தாங்க, லேப் அளவுல இருக்கறத ஆலை அளவுக்கு ஏத்த தெம்பு இருந்துச்சு. நம்ம மாதிரி ஷெட்டுக்கு அந்த இன்ஜினியர் யாரு? அத தான் சென்டர் தரணும்னு சொல்றேன்.

லேப் டெஸ்ட் சர்வீஸ்: மூணரை. என்ஏபிஎல், அதாவது லேப்புகளுக்கு தரச்சான்று குடுக்கற தேசிய வாரியம், அதோட அங்கீகாரம் இருக்கற லேப், ரிப்போர்ட்ட யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, ரேட்டும் தனியார விட கொறைவு. ஆனா ரிப்போர்ட் வர்றதுக்குள்ள சரக்குக்கு வயசாயிடும், அதுவும் சீசன்ல ரொம்ப மோசம். ரிப்போர்ட்டுல நம்பர் மட்டும் தான் இருக்கும், அந்த நம்பர் ஏன் எகிறுச்சு, கழுவற தண்ணியா, கையா, காத்தான்னு யாரும் சொல்ல மாட்டாங்க, சொல்றது அவங்க வேலையும் இல்லையாம். எனக்கு ஒரு லேப் அசிஸ்டண்ட் பொண்ணு தானா போன் பண்ணி, "அண்ணா, ஈ.கோலை இல்ல, அதனால தண்ணி ஓகே, மோல்டு மட்டும் தான் ஏறியிருக்கு, காய வச்சதுக்கு அப்புறம் தான் எங்கயோ ஈரம் புடிக்குது"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வரி ரிப்போர்ட்டுலயே இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும். பாக்கெட்டுக்கு பின்னாடி போடற ஊட்டச்சத்து டேபிளும் இங்கயே எடுத்துக்கலாம், அது சிக்கல் இல்லாம வந்துச்சு.

ட்ரெய்னிங்: சுமார். முதல் அரை நாள் பூரா முருங்கையோட பெருமை, அது நமக்கு பாட்டி சொல்லியே தெரியும். பிராக்டிகல் நல்லா இருக்கும், ஆனா ஒரு பேட்சுல கூட்டம் ஜாஸ்தி, முன்னாடி நிக்கறவங்களுக்கு தான் மெஷின் தெரியும். சாப்பாடு நல்லா போட்டாங்க.

கடன், மானியம் பக்கம்: இங்க சென்டர் உதவிச்சு, அத மறைக்க கூடாது. சின்ன உணவு தொழிலுக்கான மத்திய அரசோட பிஎம்எஃப்எம்இ திட்டத்துல 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம், பேங்க் லோனோட சேந்து தான் வந்துச்சு. பேங்க் மேனேஜர் முருங்கை பவுடரான்னு ஒரு மாதிரி பாத்தாரு, சென்டர் லெட்டர்ஹெட்ல ட்ரையல் ரிப்போர்ட்ட வச்சதும் டோனே மாறிடுச்சு. ட்ரையல் வாடகை கட்டினது அந்த ஒரு பேப்பருக்கே சரியா போச்சுன்னு சொல்லலாம். அரசு பட்ஜெட்டுல தேனி, திண்டுக்கல், கரூர், மதுரைன்னு முருங்கை ஏற்றுமதி மண்டலம் எல்லாம் அறிவிச்சாங்க, சந்தோஷம், அதுல ஒரு பங்கு இந்த மாதிரி ஷெட்டுக்கு வர்ற டெக்னீசியனுக்கு பெட்ரோல் செலவா போனா நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

நான் அதிகாரியா இருந்தா ஒண்ணு தான் பண்ணுவேன், லைசென்ஸ் ஃபீஸ்ல ஒரு பகுதிய தனியா எடுத்து வச்சு, ஒரு வருஷத்துல நாலு சீசனுக்கும் ஒரு தடவை டெக்னீசியன் வந்து பாக்கற மாதிரி எம்ஓயூலயே எழுதிடுவேன். அதுக்காக இன்னும் கொஞ்சம் ஃபீஸ் ஏத்தினாலும் கட்ட தயார், திரும்பி வந்த சரக்குக்கு முன்னாடி அதெல்லாம் தூசு. வர்றவரு திரும்பி போயி ஷெட்டுல பாத்தத விஞ்ஞானிகிட்ட சொல்லணும், அப்போ தான் அடுத்த ஃபைல்ல "அறை வெப்பநிலை"ன்னு இருக்கற எடத்துல ஈரப்பதம் எவ்ளோ இருக்கணும்னு சேரும். இப்போ நம்ம ஷெட்டுல கத்துக்கற பாடம் எதுவும் திரும்பி லேப்புக்கு போறதே இல்ல, எனக்கு மோல்டு வந்த கதை அந்த சென்டர்ல அண்ணனையும் அந்த லேப் பொண்ணையும் தவிர யாருக்கும் தெரியாது, அடுத்து லைசென்ஸ் வாங்கறவனும் அதே ஃபேனுக்கு கீழ தான் ஆற வைப்பான்.

போறவங்களுக்கு சில விஷயம். லைசென்ஸ் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதே செய்முறைய உங்களுக்கு முன்னாடி வாங்கினவங்க யாரு, அவங்க இப்போ ஓட்டறாங்களான்னு கேளுங்க, நம்பர் குடுக்க தயங்கினா அதுவே ஒரு பதில். எத்தனை கிலோ அளவுல ட்ரையல் பண்ணி இருக்காங்கன்னு கேளுங்க, ஒரு கிலோன்னா லைசென்ஸ தள்ளி போட்டுட்டு மெஷின் வாடகைக்கு எடுத்து நீங்களே அம்பது கிலோ ஓட்டி பாருங்க. ட்ரையல வெயில் காலத்துல மட்டும் வைக்காதீங்க, மழை மாசத்துல ஒண்ணு கண்டிப்பா. விஞ்ஞானி பேசறத நோட்டுல எழுதிக்கோங்க, டெக்னீசியன் பண்றத வீடியோ எடுத்துக்கோங்க, அவங்க கைய பாருங்க. உங்க ஷெட்டுல நிக்கப்போற ஆளையே கூட கூட்டிட்டு போங்க, ஓனரு மட்டும் போயி கத்துக்கிட்டு வந்தா அது ஓனரோடயே நின்னுடும்.

புக்கிங்குக்கு மார்ச் மாசம் போகவே போகாதீங்க, நிதியாண்டு கடைசி, எல்லாரும் கணக்கு முடிக்கற ஓட்டத்துல இருப்பாங்க, உங்கள திரும்பி பாக்க கூட நேரம் இருக்காது. ஏப்ரல் ரெண்டாவது வாரத்துக்கு மேல போங்க, மெஷினும் காலியா கெடக்கும், ஆளும் நிதானமா நின்னு சொல்லி குடுப்பாங்க.